‘நல்லாக் காயவிடுங்கோ’ என்று சொன்னவன் நான்

1. கரண்ட் இல்லாத காலை

மானிப்பாயில் ஒரு திருத்தகத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். ஃபேன், மிக்சி, மோட்டார்சைக்கிள் மட்கார்ட் என்று எந்தப் பிளாஸ்டிக் உடைந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். நான் ஒட்டியவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பற்றிப் பெருமை பேச எனக்கு வாய் வருவதில்லை. ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

வெளிநாட்டுச் சாமான் வராமல் கடைகள் வெறிச்சோடிக் கிடந்த காலம் அது. ஒருநாள் காலை இணுவிலிலிருந்து செல்வராசா அண்ணை வந்தார். வெங்காயத் தோட்டம் செய்பவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். சைக்கிள் கரியரில் மருந்தடிக்கிற டாங்கி, முதுகில் சுமக்கிற வகை. அதன் அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

“தம்பி, வெங்காயத்திலை புழு விழுந்திட்டுது. நாளைக்கு விடிய மருந்தடிக்காட்டி ஒரு தாள் மிஞ்சாது. புதுசு வாங்குவமெண்டு யாழ்ப்பாணம் முழுக்க அலைஞ்சிட்டன், ஒரு கடையிலையும் இல்லை,” என்றார்.

வெடிப்பில் இருந்து ஒரு சில்லை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. மிதக்கிற பிளாஸ்டிக்கில் சுப்பர் குளூ சரியாகப் பிடிக்காது. மேலே ஒரு படையாக இருந்துவிட்டுப் பிறகு உரிந்து வரும். சோல்டரிங் அயனால் உருக்கித்தான் ஒட்ட வேண்டும். அன்றைக்கென்று கரண்ட் இல்லை.

“முதலாளி, இது குளூவுக்கு நிக்காது. நஞ்சு ஊத்துற சாமான். கரண்ட் வரட்டும், உருக்கி ஒட்டுவம்,” என்று கடை முதலாளியிடம் சொன்னேன்.

“விசர்க் கதை கதையாதையும்! கரண்ட் எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்? அந்த மனிசன் அந்தரப்பட்டு நிக்குது. அப்பச்சோடாவும் குளூவும் போட்டு ஒட்டிக் குடும். உம்மடை கையாலை ஒட்டினது எது கழண்டது?”

அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு இனித்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

2. சோடாவும் வலையும்

வெடிப்பின் இரண்டு நுனியிலும் சூடாக்கிய ஊசியால் துளை போட்டேன். துளை இருந்தால் வெடிப்பு மேற்கொண்டு ஓடாது. சாண்ட்பேப்பரால் சுற்றிவரச் சுரண்டினேன். வெங்காயம் கட்டி வரும் வலைப்பையில் ஒரு துண்டு வெட்டி மேலே விரித்தேன். அப்பச்சோடாவைத் தூவிச் சுப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். புகை கண்ணைக் கரித்தது. உடனே கல்லாக இறுகியது. அப்படி மூன்று படை. தண்ணீர் நிரப்பி மேசையில் பத்து நிமிடம் வைத்தோம், ஒரு துளி ஒழுகவில்லை. முதுகில் போட்டு நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை.

“நல்லாக் காயவிட்டுப் பாவியுங்கோ அண்ணை,” என்று கொடுத்தேன்.

“ஓம் தம்பி. நீர் சொன்னாச் சரிதான்.”

எங்கள் பக்கத்தில் காயவிடுவது என்றால் வெயிலில் போடுவதுதான். மிளகாயோ பனங்கிழங்கு ஒடியலோ உடுப்போ, எதையும் நாங்கள் வேறெங்கும் காயவிட்டதில்லை. நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே, ‘நிழலில் வையுங்கோ’ என்று ஒரு சொல் கூடச் சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்? அவர் போய்க் கிணற்றடிக் கொட்டிலின் தகரக் கூரையில் டாங்கியைப் பொழுது சாயும்வரை போட்டிருக்கிறார். டாங்கி சூட்டில் விரியும், கல்லான ஒட்டு அதோடு சேர்ந்து விரியாது. ஓரம் கிளம்பியது வெளியே தெரியவில்லை.

மறுநாள் தோட்டத்தில் மருந்து ஒழுகி முதுகு நனைந்தபோது அதை வியர்வை என்று நினைத்திருக்கிறார். புழுவை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அடித்துக்கொண்டே போயிருக்கிறார். பாதித் தோட்டத்தில் வரம்பில் விழுந்தார், வாயில் நுரை. ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து வைத்தார்கள். ஆனால் சில வாரங்களில் இரண்டு காலும் விறைத்துச் சோர்ந்துவிட்டன. மீதி வெங்காயத்தைப் புழு தின்றது.

3. அவருடைய மனைவி வந்த நாள்

அவருடைய மனைவி அந்த டாங்கியோடு கடைக்கு வந்தா. நான் எழும்பி நின்றேன்.

“நான் சண்டை பிடிக்க வரேல்லை. எனக்கு ஒண்டு தெரியோணும். தன்ரை கவனமில்லாமல் தகரத்திலை போட்டவரெண்டு அயலட்டைச் சனம் கதைக்குது. மனிசன் அதையே நினைச்சு நினைச்சுச் சாப்பிடுறாரில்லை. தம்பி, நீங்கள்தானே காயவிடச் சொன்னனீங்கள்?”

நான் வாய் திறக்கும் முன்னர் முதலாளி குறுக்கே வந்தார். “பிளாஸ்டிக்கை வெயிலிலை போடச் சொல்லி ஆரும் சொல்லுவினமே? சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என்ன, நீர் அப்பிடிச் சொன்னனீரோ?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை இருந்தது.

“இல்லை. நிழலிலை வைக்கச் சொன்னனான்,” என்றேன்.

பச்சைப் பொய். “அப்ப பிழை அவரிலைதான்,” என்று அவ டாங்கியைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. முதலாளி எனக்குத் தேத்தண்ணி எடுத்துத் தந்தார். தூ! அதையும் குடித்தேன்.

கைபேசியில் வீடியோ பார்த்து, சோடாவும் குளூவும் இருந்தால் எதையும் ஒட்டலாம் என்று நம்புகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நஞ்சும் பாரமும் படுகிற சாமானைக் குளூவால் ஒட்டிக் கொடுக்காதீர்கள். மிதக்கிற பிளாஸ்டிக் என்றால் உருக்கி ஒட்டுங்கள், அல்லது முடியாது என்று திருப்பி அனுப்புங்கள். கோபித்துக்கொண்டு போகட்டும், உயிரோடு போவார்கள். பிழை விட்டால் அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள். நான் வருடக்கணக்காக இணுவில் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன்.

போன மாதம் அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். செல்வராசா அண்ணை வாசலில் கதிரையில் இருந்தபடி, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாராம்: “அவன் நல்ல பெடியன். நிழலெண்டு சொன்னவன்தான். எனக்குத்தான் காதிலை விழேல்லை.”