வெட்டாத நகம்

எண்பதுகளில் தேனியில், டிரில்லிங் மிஷினுக்குக் கைப்பிடி வார்க்கும் கம்பெனியில் இருந்தேன். பிளாஸ்டிக் பிடி சூடு ஆறுவதற்குள் அதன்மேல் ரப்பரை ஏற்றிவிட வேண்டும், ஆறினால் ஒட்டாது. சரக்கைச் சோதிக்கிற பெண் ஒல்லி, நெற்றி நிறையத் திருநீறு. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டமாட்டார். அதை வைத்து ஒவ்வொரு ரப்பர் ஓரத்தையும் நெம்பிப் பார்ப்பார்.

ஒருநாள் ஆறிப்போன பிடிகளுக்கும் ரப்பர் ஏற்றிவிட்டேன். அவர் நகம் பட்டதும் உரிந்து வந்தது.

“டீக்குப் போனீகளாண்ணே?”

“பாத்தா தெரியவா போகுது?”

“ஏணி மேல நின்னு சுவத்துல ஓட்ட போடுறவகளுக்குக் கையில தெரியும்ணே.”

அத்தனையையும் ஒதுக்கினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகு வயரிங் வேலைக்குப் போனேன். கம்பம் ஊரில் ஒரு மாடி வீட்டில் ஏணி உச்சியில் நின்றபோது, டிரில்லிங் மிஷினின் முனை சுவருக்குள் சிக்க, மிஷின் ஒரு உலுக்கு உலுக்கியது. எங்கள் கம்பெனிப் பிடிதான்; ரப்பர் உரியவில்லை, வியர்த்த கையிலிருந்து நழுவவும் இல்லை.

அந்த மகராசி பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. நானும் வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் இன்றுவரை வெட்டுவதில்லை.