நச்சரிப்புக்கு ஒரு வாக்கியம்

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் பிழைப்பு. ஆனால் யாராவது தொழில் என்னவென்று கேட்டால், "அகராதி ஆசிரியர்" என்பேன். இணையத்தில் பன்மொழி அகராதி ஒன்றைத் தன்னார்வலர்கள் கூடி எழுதுகிறோம். சம்பளம் கிடையாது, அதனால்தான் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பொருள் எழுதுவதில் நான் சுமார்தான். எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவதில் மட்டும் எனக்கொரு கெத்து உண்டு. மற்றவர்கள் "அவன் பள்ளிக்குப் போனான்" என்று உப்புச்சப்பில்லாமல் எழுதுவார்கள். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதுவேன். 'நச்சரி' என்ற சொல்லுக்கு, "குழாய் ஒழுகுகிறது என்று மனைவி மாதக்கணக்கில் நச்சரிக்கிறாள்" என்று எழுதினேன். எங்கள் குழுவில் எதையும் வெட்டித் தள்ளும் அம்மாள் ஒருவர் உண்டு. முகம் பார்த்ததில்லை; நாங்கள் வைத்த பெயர் கத்தரி. அவரே அதை வெட்டவில்லை. மற்ற மொழிக்காரர்களும் மொழிபெயர்த்துத் தங்கள் பக்கங்களில் போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேறு நாட்டில் இருக்கும் என் மச்சினி, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அந்த அகராதியைப் புரட்டுகிறவள். ஒருநாள் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உன் வீட்டுக் குழாயை இன்னும் சரி பண்ணலையா? அகராதியில போட்டிருக்கே!"

என் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். உள்ளே யார் அலறினாலும் முகம் மாறாமல் இருக்கப் பழகியவள். போனை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"எத்தனை பாஷையில இருக்கு?"

"ஒரு... எட்டு, ஒன்பது."

"ஆக, குழாய் ஒழுகுறது உலகத்துக்கே தெரியும். ஸ்பேனர் எடுக்க வேண்டிய ஆளுக்குத்தான் தெரியல."

அன்றே ஓடிப்போய் வாஷர் வாங்கி மாற்றினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

சில நாளில் அகராதிக்குள் புது உறுப்பினர் ஒருவர் நுழைந்தார். 'அலட்டிக்கொள்' என்பதற்கு அவர் எழுதியது: "கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு, தமிழையே தாங்குவதுபோல் அவர் அலட்டிக்கொள்கிறார்." 'மழுப்பு' என்பதற்கு: "வாக்கியம் யாரைப் பற்றியது என்று கேட்டதும் கணவர் மழுப்பினார்." ஆளைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. நீக்கச் சொல்லிக் கத்தரிக்கு எழுதினேன். "மிக இயல்பாக உள்ளன. நீங்களும் இப்படி முயலலாம்" என்று பதில் வந்தது.

பிறகு வேறு மொழிக்காரர் ஒருவர் குழுவில் கேட்டார்: கோபப்படுவதும் கோபித்துக்கொள்வதும் ஒன்றா? விடுவேனா! துணைவினை அது இது என்று அரைப்பக்கம் தீட்டினேன். திருப்பிப் படித்தால் எனக்கே விளங்கவில்லை. வெட்கத்தை விட்டு மனைவியிடம் போனேன்.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "கோபப்பட்டா கத்துவோம். கோவிச்சுக்கிட்டா, யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு காத்திருப்போம்."

"குழாய் விஷயத்துல உனக்கு எது?"

"ரெண்டும்தான். நீங்க எங்க கூப்பிட்டீங்க? வாஷர் வாங்கத்தானே ஓடினீங்க!"

சுருக்கென்றது. "தப்புதான்மா," என்றேன்.

"சரி சரி, கேள்வி கேட்டவர் காத்துக்கிட்டு இருப்பார். எழுதுங்க."

அவள் சொன்னதை அவள் பெயரிலேயே போட்டோம். கத்தரி ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. கேள்வி கேட்டவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "எங்கள் மொழியில் இதற்குத் தனிச் சொல் இல்லை. ஆனால் என் மனைவி காலையிலிருந்து பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். போய்க் கூப்பிடுகிறேன்."

என் மனைவி அதை இரண்டு முறை படித்தாள். "பாருங்க, அவருக்கு ஒரே தடவையில புரிஞ்சிருச்சு," என்றாள்.