அவர் நிறுத்திய பிறகும் நான் பேசினேன்

பிள்ளைகளா, பேய் பிசாசுப் பேச்சை உங்கள் அப்பாவாகிய நான் வீட்டுக்குள்ளேயே விட்டதில்லை. மனநல மருத்துவமனை வார்டில் வேலை செய்கிறவன், எல்லாவற்றுக்கும் மாத்திரை இருக்கிறது என்று நம்புகிறவன். இதைப் படித்துவிட்டுச் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

வேலப்பன்சாவடி பக்கம் பழைய அட்டைக் குடோன் ஒன்று எரிந்து, காவலாளி உள்ளேயே செத்துப்போனார். தீ வைத்த ராமுலுவின் மனநிலையைப் பார்த்துச் சொல்லும்படி கோர்ட் எங்களிடம் அனுப்பியது. அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. என் அம்மா வழியில் எனக்குத் தெலுங்கு தெரியும் என்பதால் டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அவர் 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னே சொல்லுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க."

ராமுலு சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். "நெருப்பைப் பார்த்தா மண்டைக்குள்ள இருக்கிற கூச்சல் அடங்கும். அன்னைக்கும் அதுக்குத்தான் அட்டையில பத்தவெச்சேன்."

காவலுக்கு வந்த ஏட்டு சிரித்தார். "இன்னா நைனா, நீயே கொளுத்துனா மாரி சொல்லிக்கினு கீறே!"

"உள்ளே ஆள் இருந்தது தெரியுமான்னு கேளுங்க" என்றார் டாக்டரம்மா. வழக்கே அதில்தான் நின்றது. கேட்டேன். ராமுலு தலையைக் குனிந்து வாயை இறுக மூடிக்கொண்டார்.

நம்பினால் நம்புங்கள், என் வாய் தன்பாட்டுக்குப் பேசியது, அதுவும் நான் பேசுகிற மாதிரியே இல்லை. "கண்ணு முய்ச்சேன், ஒரே பொக. யாராச்சும் கீறீங்களான்னு கத்திக்கினே கதவ இட்சேன். வெளிய எவனோ ஓடியாந்து தாப்பாள இஸ்தான். சூடு தாங்காம அவனும் கத்தினான். மறுக்காவும் இஸ்தான். தொறக்கல."

ஏட்டின் சிரிப்பு நின்றுவிட்டது. "யார் சொல்றது இது?" என்றார் டாக்டரம்மா. அவர் எழுந்து ராமுலுவின் கைகளை விரித்தார். தீ வைக்கும்போது சுட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த காயம், உள்ளங்கைக்குக் குறுக்கே, காய்ந்த தாழ்ப்பாள் கம்பியைப் பிடித்தாற்போல் நேராக ஓடியது. "திறக்கப் பார்த்தீங்களா?" ராமுலு அழுதுகொண்டே ஆமென்று தலையாட்டினார்.

"நீங்க பேசினதை ரிப்போர்ட்ல எழுத முடியாது, கையில இருக்கிற காயத்தைத்தான் எழுத முடியும்" என்றார் டாக்டரம்மா. கேஸ் இன்னும் நடக்கிறது.

கூட்டிப்போகும்போது ராமுலு என் சட்டையைப் பிடித்துத் தெலுங்கில் கேட்டார். "பத்தவெச்சதும் நான்தான்னு உள்ள செத்த அந்த ஆளுக்குத் தெரியுமா? கேட்டுச் சொல்லு."

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டரம்மா.

அதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அந்தக் காவலாளியின் பதில் வந்துவிடும் என்று பயந்தேன். அது இன்றும் என் தொண்டையில்தான் இருக்கிறது.