தம்பிக்குக் காட்டாத கூண்டு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதக் காற்று தெருப்புழுதியையெல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம். திருச்சியில் நான் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த கல்லூரியின் எலிக்கூடம். அங்கே அன்று நான் என் தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதன் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் பழையபடி இல்லை.

என் ஆராய்ச்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யோசிக்காமல் சட்டென்று ஒரு காரியத்தைச் செய்துவிடும் குணம் சிலருக்கு நோய் அளவுக்கு இருக்கும். அது பரம்பரையாக வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. மனிதர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வைத்துப் பார்க்க முடியாதே, அதனால் எலி. ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு துளை. துளைக்குள் விளக்கு எரிந்த பிறகு மூக்கை நீட்டினால் ஒரு சர்க்கரை உருண்டை விழும். எரிவதற்கு முன்பே நீட்டினால் பெட்டி இருட்டாகிவிடும், ஒன்றும் கிடைக்காது. ஐந்து விநாடி பொறுத்தால் போதும். ஒரு வம்சத்து எலிகள் சமர்த்தாகப் பொறுக்கும். இன்னொரு வம்சத்துக்கு அந்த ஐந்து விநாடி முடியவே முடியாது. நூறு தடவை ஏமாந்தாலும் நூற்றியோராவது தடவையும் முந்திக்கொண்டு மூக்கை நீட்டும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இந்த எலி வேலைக்குப் பெரிய மரியாதை கிடையாது. குளித்துவிட்டு வந்தால்தான் அம்மா என்னைச் சமையலறைக்குள்ளேயே விடுவார். மலைக்கோட்டைப் பிள்ளையார் என்மேல் கோபமாக இருப்பதாக, ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா கிண்டல் செய்வார். நான் எதற்காக இந்தத் தலைப்பை எடுத்தேன் என்று இருவருமே கேட்டதில்லை. தெரியும், அதனால் கேட்கவில்லை.

என் தம்பிதான் காரணம். பஸ் நிற்பதற்குள் குதிப்பான். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்வான். இருபத்துநாலு வயதுக்குள் நான்கு வேலையை விட்டிருந்தான், அதில் ஒன்று முதலாளியைக் கன்னத்தில் அறைந்துவிட்டு. அறைந்த அடுத்த நிமிஷம் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டிருக்கிறான், யார் கேட்பார்கள்? சொந்தக்காரர்கள் எல்லோரும் அம்மா வளர்த்த லட்சணம் என்றார்கள். அம்மாவும் அதை நம்பினார்.

கடைசியில் நான்தான் அவனைக் கே.கே. நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார், பயிற்சியும் கொடுத்தார். கை பரபரக்கும்போது மனதுக்குள் இருபது வரை எண்ண வேண்டும், எண்ணி முடிக்காமல் எதையும் தொடக்கூடாது. கேட்க அல்பமாக இருக்கும். ஆனால் எட்டு மாதம் விடாமல் செய்தான். மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் வேலை கிடைத்து, அதில் நிலைத்தும் விட்டான். சாப்பிடும்போது குழம்பு வரத் தாமதமானால் உதடு மட்டும் அசைவதைப் பார்ப்பேன். எண்ணுகிறான் என்று தெரியும். அப்போதெல்லாம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும், அதை ஒரு நாளும் அவனிடம் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவன், எலிகளைப் பார்க்க வேண்டும் என்றான். முகக்கவசம், காலுக்கு உறை எல்லாம் மாட்டி உள்ளே கூட்டிப்போனேன். அவசரக்கார எலி ஒன்றைப் பெட்டியில் விட்டேன். விளக்கு எரிவதற்குள் மூக்கை நீட்டியது, இருட்டாகியது, மறுபடி நீட்டியது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, இவன் நான்தான்!" என்றான். பிறகு, "இவன் அப்பா அம்மாவும் இப்படித்தானா?" என்று கேட்டான்.

"எல்லாமே இப்படித்தான். தாத்தா பாட்டி வரைக்கும்."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ இது என் தப்பு இல்லையா?"

அந்தக் கேள்விக்காகவே நான் வருடக்கணக்கில் எலிப்புழுக்கை அள்ளியதாக எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது. "உன் தப்பும் இல்லை, அம்மா தப்பும் இல்லடா. ரத்தத்துல இருக்கு. பிறக்கும்போதே எழுதினது, யாரால மாத்த முடியும்?" என்றேன்.

அது ஆறுதலுக்காகச் சொன்னது, உண்மை அதுவல்ல. அதே அறையில், கீழ்த்தட்டில் இன்னொரு கூண்டு இருந்தது. அதே வம்சத்து எலிகள் ஆறு. பால்குடி மறந்த நாளிலிருந்து அவற்றை முதலில் அரை விநாடி, பிறகு ஒரு விநாடி, பிறகு இரண்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கப் பழக்கியிருந்தேன். சமர்த்து எலிகள் அளவுக்கு இல்லாவிட்டாலும் அவை ஐந்தில் நான்கு தடவை பொறுத்தன. ரத்தம் அதே ரத்தம்தான். என் கைடு, இதை முக்கிய முடிவோடு சேர்த்தால் குழப்பும், தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். நானும் அதே நினைப்பில் தம்பிக்கும் அந்தக் கூண்டைக் காட்டவில்லை. பொறுமையாக விளக்கிச் சொல்ல ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அன்று மாலை வீட்டில் ஒரே சந்தோஷம். தம்பி நான் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா பூந்தி வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் நான் படித்த படிப்புக்கு மதிப்பு கிடைத்த ஒரே நாள் அது.

அதற்குப் பிறகு தம்பி மருத்துவரிடம் போவது தள்ளிக்கொண்டே போனது. கேட்டால், "எலிக்கு எண்ணச் சொல்லித் தந்தா எண்ணுமாக்கா?" என்று சிரிப்பான். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஃபிரிட்ஜ் மேல் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று நினைத்தேன். ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் அந்த ஞாயிறு வரவே இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மில்லிலிருந்து மேஸ்திரி போன் செய்தார். நெல்லை மேலே ஏற்றும் பெல்ட்டில் சாக்குக் கயிறு சிக்கியிருக்கிறது. தம்பி சுவிட்சை அணைத்திருக்கிறான். அணைத்த பிறகும் பெல்ட் கொஞ்ச நேரம் ஓடித்தான் நிற்கும். அதற்குள் மூடியைத் திறந்து கையை விட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி சட்டையெல்லாம் ரத்தத்தோடு நின்றுகொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுத்திருந்தா தானா நின்னுருக்கும்மா. இத்தன நாளா பொறுத்துத்தான் செஞ்சிட்டிருந்தான், இப்பக் கொஞ்ச நாளாத்தான் இப்படி," என்றார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

தம்பிக்கு நினைவு தெளிந்ததும் நான் அழுதுகொண்டே, ஏன்டா எண்ணவில்லை என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்: "எனக்கு முடியாதுன்னு நீதானேக்கா சொன்னே."

அப்போதுதான் கீழ்த்தட்டுக் கூண்டைப் பற்றிச் சொன்னேன். உளறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ அன்னைக்கு ஏன் காட்டல?" என்றான்.

மறுநாள், அந்த எலிகளைப் படம்பிடித்து என் போனில் வைத்திருந்த வீடியோவை எடுத்துக்கொண்டு போனேன். வீடியோதான் இருந்தது. ஆராய்ச்சி முடிந்து, மூளையை எடுத்துப் பார்ப்பதற்காக அந்த ஆறு எலிகளையும் அதற்குள் கொன்றாகிவிட்டது. கொன்றவளும் நான்தான். படுக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எலி துளைக்கு முன்னால் அசையாமல் நிற்பதையும், விளக்கு எரிந்த பிறகு மூக்கை நீட்டுவதையும் காட்டினேன். இதுவும் உன் வம்சம்தான்டா, பொறுக்குது பார் என்றேன். கடைசி வரை பார்த்தான்.

"என் மனசு தேறணும்னு சொல்றே. விடுக்கா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இப்போது அவன் வேலைக்குப் போவதில்லை. மருத்துவரிடம் வரவும் சம்மதிக்கவில்லை. எதிர்ப்படுகிறவர்களிடம் எரிந்து விழுகிறான், பாத்திரத்தை விட்டெறிகிறான். யாராவது என்ன இப்படி என்று கேட்டால் அம்மா, அது அவன் ரத்தம், பெரியவளே படித்துச் சொன்னாள் என்கிறார். நான் மறுத்துப் பேசினால், பழைய குற்ற உணர்ச்சி திரும்பிவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார் போலிருக்கிறது. காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது. கீழ்த்தட்டு எலிகளைப் பற்றிய கட்டுரையும் வெளிவந்துவிட்டது. எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு நம்பிக்கை தரும் முடிவு என்று எழுதுகிறார்கள். நான் ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யை என் தம்பி உண்மை என்று நம்பினான். பிறகு சொன்ன உண்மையை வெறும் ஆறுதல் என்று தள்ளிவிட்டான். அந்த வரிசையை என் ஆயுசுக்கும் என்னால் மாற்ற முடியாது என்பது, ஒவ்வொரு வேளையும் அவன் இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உறைக்கிறது.