கலங்கல்ல கட்டின வலை

சில வருசத்துக்கு முன்னாடி, ஐப்பசி மழையில நடந்தது இது. விஜயபுரம் பக்கம் எங்க ஊரு. அந்த வருசம் ஊர் ஏரியில மீன் வளக்குற குத்தகைய என் வீட்டுக்காரர் எடுத்திருந்தார். ஏரி நிரம்பினா தண்ணி கலங்கல் வழியா வழிஞ்சு கீழ ஊரு ஏரிக்குப் போவும். தண்ணியோட மீனும் போயிடும். அதனால குத்தகைக்காரங்க கலங்கலுக்குக் குறுக்க வலை கட்டுவாங்க. இவரும் கட்டினார்.

மழை விடல. கால்வாய்ல நாங்க போட்ட குப்பை எல்லாம் ஏரிக்கு வந்துடுச்சு. பிளாஸ்டிக் கவரு, விருந்து துன்ன தட்டு, சாமிக்குப் போட்ட மாலை. எல்லாம் போய் வலையில அடைச்சிக்கிச்சு. தண்ணி போக வழியில்ல. ஏறிக்கினே இருந்துது.

காலையில பக்கத்து நிலத்துக்காரர் ஓடி வந்தார். தெலுங்குக்காரர். "பாவா, கட்ட தெகிபோதுந்தி!"ன்னு கத்தினார். கரை உடையப் போவுதுன்னு அர்த்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். கரையில ஒரு இடத்துல சேறாக் கசிஞ்சிக்கினு இருந்துது. கரை போனா ஏரியே போச்சு. கீழ இருக்கிற நெல்லு, வீடு எல்லாம் போவும்.

கூட்டம் சேந்துடுச்சு. "மீனா ஊரா, சீக்கிரம் சொல்லுய்யா"ன்னு ஒருத்தர் அதட்டினார். இவர் குஞ்சா விட்டு, தவிடு போட்டு வளத்த மீனு. தண்ணிய ஒரு தரம் பார்த்தார். இடுப்புல கயிறு கட்டினார். வலைய அறுக்க அரிவாள எடுத்துக்கினார். கயிறு முனைய என் கையில குடுத்தார். எனக்குப் பின்னாடி ஆளுங்க புடிச்சிக்கினாங்க.

"உங்கம்மா வூட்டுக்கு அனுப்பலன்னு கோவம் இருக்கும். அத இப்போ காட்டாத மே"ன்னார்.

"எறங்கு மாமா. அத அப்புறம் வச்சிக்கலாம்"னேன்.

வலை அறுந்ததும் தண்ணி அவரையும் சேத்து இழுத்துது. கயிறு என் உள்ளங்கைத் தோல உரிச்சிது. நான் விடல. எல்லாரும் சேந்து இழுத்துக் கரையில போட்டோம்.

கரை நின்னுது. மீன் அத்தனையும் போச்சு. அவர் உக்காந்து பார்த்துக்கினு இருந்தார். நானும் பக்கத்துல உக்காந்தேன்.

கோடையில கீழ ஊர்க்காரங்க பைக்ல வந்தாங்க. அவங்க ஏரியில ரொம்ப வருசமா மீனே இல்லியாம். "இப்போ துள்ளுது. உங்க மீனு தான், வந்து புடிச்சிக்கோங்க"ன்னாங்க. "உங்க தண்ணியில வளந்துச்சு, உங்க மீனு"ன்னுட்டார் இவர். அவங்க கேக்கல. மறுநாள் பக்கெட் நிறைய கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போனாங்க. தெருவே துன்னுச்சு.

இப்போ மழைக்கு முன்னாடி ஊரே சேந்து கால்வாய்க் குப்பைய வாருறோம். கலங்கல்ல யாரும் வலை கட்டுறதில்ல. ஏரி வழியும்போது மீன் துள்ளித் தாண்டுறதப் பார்த்தா, வெளியூர் போற புள்ளைங்ககிட்ட சொல்ற மாதிரி, போயிட்டு வான்னு தான் சொல்லத் தோணுது.