இல்லாத காலுக்கு ஊசி: கூத்தாநல்லூருக்கு ஒன்பது சனிக்கிழமைகள்

இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் நேரம், தூரம், கட்டணம் எழுதுகிற ஆள். கோபுரத்தைப் பார்த்து உருகுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், பேருந்து எத்தனை மணிக்கு என்பதை நான் சொல்கிறேன் என்பது என் கொள்கை. இந்தப் பயணத்துக்கும் அதெல்லாம் சொல்வேன். ஆனால் ஏன் போனேன் என்பதை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். இந்தக் கதையில் ஏற்கெனவே ஒரு முழுப் பொய் இருக்கிறது, அது என்னுடையது.

என் அண்ணன் முருகையன் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். பாபநாசத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். சர்க்கரை நோயில் இடது பாதத்தில் வந்த புண் ஆறவேயில்லை. போன வருடம் ஆனி மாதம் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அத எங்கயும் போட்டுடாதடா. ஊருக்குக் கொண்டுபோயி அப்பாக்குப் பக்கத்துல பொதச்சுடு."

சரி என்றேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். "கால நீங்க வாங்கிக்கிறீங்களா சார், இல்ல நாங்களே பாத்துக்கவா?" என்று பொறுமையாகத்தான் கேட்டார். ஒரு பையில் அண்ணன் காலை மடியில் வைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் காரில் போவதை நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு அண்ணியிடம் ஊருக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய பேருந்து நிலையத்தில் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். போய்ப் புதைத்துவிட்டுத் திரும்ப அவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டேன். குழி வெட்ட ஆள் கூப்பிட்டீர்களா என்று அண்ணி கேட்டதற்கு, சின்னக் குழிதானே, நானே வெட்டினேன் என்றேன். அண்ணன் கண் விழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

வலி ஆடியில் தொடங்கியது. வெட்டிய இடத்தில் இல்லை, இல்லாத பாதத்தில். டிராக்டரில் இடது கால் கிளட்சுக்கு. அந்தக் கால் கிளட்சை அழுத்தி மிதித்தபடியே இருக்கிறது, எடுக்கவே முடியவில்லை என்று துடித்தார். காலை எடுத்தவர்களுக்கு இப்படி வருவது உண்டு, மூளை மறக்க நாளாகும் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கேட்டது. அண்ணன் வேறொரு காரணம் வைத்திருந்தார்.

"நீ மடக்கி வச்சுப் பொதச்சுட்டடா. அதான் இழுக்குது. தோண்டி எடுத்து நேரா நீட்டி வச்சுடு."

நான் ஏன் அவ்வளவு அவசரமாக வைத்தியம் தேடினேன் என்று இப்போது புரிந்திருக்கும். திருச்சியில் என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், தன் அம்மாவின் முழங்கால் வலிக்குக் கூத்தாநல்லூரில் சீன முறைப்படி ஊசி வைக்கும் ஒரு அம்மாவிடம் போனதாகச் சொன்னார். அக்குபஞ்சர். அண்ணனிடம், "இதப் பாப்போம்ணே. சரிவரலன்னா தோண்டிடலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் கேட்டுத்தான் அவர் கிளம்பச் சம்மதித்தார்.

முதல் பயணம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை. ஊரிலிருந்து பக்கத்து வீட்டுச் செல்வத்தின் கார், போக வர 1,800 ரூபாய். காலை 7.30க்குக் கிளம்பினோம். பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகக் கூத்தாநல்லூர். செல்வத்தின் மீட்டரில் 54 கிலோமீட்டர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் 22 நிமிடம் நின்றோம், அதையும் சேர்த்து 9.40க்குப் போய்ச் சேர்ந்தோம். கேட்டைப் பற்றி எழுதாத டெல்டா பயணக் கட்டுரை கிடையாது என்பதால் நானும் எழுதிவிட்டேன்.

சம்பாவுக்குச் சேறடிக்கிற சமயம். வழியெல்லாம் வயலில் டிராக்டர்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். "எஞ்சின் கத்துது, கியர மாத்தாம இழுக்குறான் பாரு" என்றார். சொல்லும்போது அவருடைய வெட்டுப்பட்ட கால் வேட்டிக்குள் துள்ளியது. செல்வம் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

கூத்தாநல்லூரில் பெரிய பெரிய வீடுகள். பாதி வீடுகளில் ஆள் வெளிநாட்டில், கதவில் பூட்டு. அப்படி ஒரு தெருவில் தன் வீட்டின் முன்னறையிலேயே வைத்தியம் பார்க்கிறார் ஜெய்புன்னிசா. ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். டோக்கன் காலை ஒன்பதரைக்கு, ஒரு தடவைக்கு 400 ரூபாய். முதலில் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து வெகு நேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாங்கள் கொண்டுபோன மருந்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சுகர் ஊசி, மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது. நிறுத்திட்டா எங்கிட்ட வராதீங்க" என்றார். காத்திருப்போர் பெஞ்சில் ஒருவர், இங்கே வருவதற்காக எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டேன் என்று எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அவருக்கும் அன்று உள்ளே நல்ல டோஸ் கிடைத்தது.

ஊசி என்றதும் நான் பயந்தது போல் இல்லை. தலைமுடி மாதிரி மெல்லிசு. வலிக்கிற இடத்திலேயே குத்துவதில்லை என்பதுதான் இதில் விசேஷம். அவர் விளக்கினார். "உடம்புல ஓட்டம் போற பாதை இருக்குதுங்க, வாய்க்கா மாதிரி. கடமடைக்குத் தண்ணி வரலன்னா கடமடையில தோண்டி என்ன செய்யறது? மேல எங்கயோ அடச்சிருக்கும்."

அண்ணன் சிரித்தார். "எனக்குக் கடமடையே இல்லீங்களேம்மா."

ஜெய்புன்னிசா சிரிக்கவில்லை. இருக்கிற வலது காலில் ஐந்து ஊசி, வலது கையில் மூன்று, காதில் இரண்டு வைத்தார். பிறகு மாசிபத்திரி இலையை உலர்த்திச் சுருட்டிய சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து, முழங்காலருகே தோலில் படாமல் அனல் மட்டும் படும்படி பிடித்தார். அறையெல்லாம் மூலிகைப் புகை. புகைக்குள்ளிருந்து அவர் கேட்டார்.

"அந்தக் காலு இப்ப எப்படி இருக்கு?"

எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதுதான் இல்லையே, விடுங்கள், மறந்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அண்ணன் அவர் பக்கம் தலையைத் திருப்பினார்.

"மிதிச்சுக்கிட்டே இருக்குங்க."

"மெதுவா எடுங்க. அவசரமில்ல. வண்டி ஆஃப் ஆயிடாம எடுப்பீங்கள்ல, அப்படி."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தொடைச் சதை அசைவதை நான் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் ஊசியை எடுக்கும்போது, "பாதி வந்துருக்கு" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்திருந்தது. நானும் அழுதேன்.

சுருட்டின் சாம்பலைத் தட்டிக்கொண்டே ஜெய்புன்னிசா சாதாரணமாகக் கேட்டார். "கால எங்க அடக்கம் பண்ணீங்க?"

அண்ணன் சொன்னார். "ஊருல, எங்க அப்பாக்குப் பக்கத்துலங்க. தம்பிதான் தனியாப் போயி, அவனே குழி வெட்டி வச்சுட்டு வந்தான். எழுத்து வேல பாக்குற கை, பாருங்க."

"நல்ல தம்பி" என்றார் அவர்.

திரும்பும்போது மன்னார்குடியில் சாப்பிட்டோம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று போய்வந்தோம், நடுவில் நான்கு தடவை நான் போகாமல் செல்வமே அழைத்துப்போனான். ஆக மொத்தம் ஒன்பது சனிக்கிழமை. பலனைக் கூட்டிக் குறைக்காமல் சொல்கிறேன். முதல் தடவை நிம்மதி ஒரு நாள் இருந்தது, மூன்றாவது தடவைக்குப் பிறகு மூன்று நாள். வலி அடியோடு போகவில்லை, ஆனால் அவர் சாப்பிட்டார், பகலில் கொஞ்சம் தூங்கினார். ஊசியினாலா, மருத்துவர் கொடுத்த மாத்திரையினாலா, அந்தக் காலை ஒருவர் விசாரித்ததனாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முதுகு வலிக்காரர்களுக்குக் கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சும் சிகிச்சையும் அங்கே செய்கிறார். அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் அது வேண்டாம் என்று அவரே மறுத்துவிட்டார்.

ஏழாவது சனிக்கிழமை, கார்த்திகை. கதிர் வாங்கிய வயல்களுக்கு நடுவே திரும்பிக்கொண்டிருந்தோம். வெண்ணாற்றுப் பாலத்தில் அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"இனிமே தோண்ட வேணாண்டா. நேராயிடுச்சு."

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அவர் வலி குறைந்ததற்காக அல்ல, என் பொய் தப்பித்ததற்காகச் சந்தோஷப்பட்டேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்தப் பாலம்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பேருந்தில் வருவதானால் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, அங்கிருந்து திருவாரூர் போகும் பேருந்தில் கூத்தாநல்லூர். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகை நேரம், காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றிலும் போகக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சர்க்கரைக்காரர்கள் கட்டாயம். ஊசி உங்கள் முன்னால் புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் மருத்துவர் தந்த மருந்தை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டிக் கால் வேண்டுமா என்று கேட்டால், பத்து நிமிடம் அவகாசம் கேளுங்கள். வெளியே போய் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள். செல்வத்தைக் கூப்பிட்டிருந்தால் அவன் வந்திருப்பான்.

மாசியில் ஒரு காலை, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனுக்கு மார்பு வலி வந்தது. பாபநாசம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தன்னை எங்கே வைக்க வேண்டும் என்று அண்ணியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். கால் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்று.

மதியம் இரண்டு மணிக்குச் சுடுகாட்டுக்குப் போனேன். குழி வெட்டுகிறவர் அப்பாவின் மேட்டருகே காத்திருந்தார்.

"காலு எந்தப் பக்கம் கெடக்குதுங்க? தெரியாம மம்பட்டி பட்டுடக் கூடாது" என்றார்.

செல்வம் நின்றிருந்தான். அண்ணன் மகன் நின்றிருந்தான். நான் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினேன்.

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, யாரும் மிதித்துவிடாமலிருக்க அந்த இடத்தில் விரித்துப் போட்டார். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.