வலி வந்தால் வாயில் எதுவும் வைக்கக் கூடாது

எங்கள் வீட்டில் எவருக்காவது எங்கேயாவது நொந்தால் 'நோகுது' என்போம். 'வலி' என்றால் கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளி விழுவது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தச் சொல் எங்கள் வாயில் மாறவில்லை. கொட்டாஞ்சேனையில் என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் ஹட்டன், பதுளை என்று மலைநாட்டுப் பக்கத்துக் குடும்பங்கள். அவர்களுக்கு வலி என்றால் பல்வலி, வயிற்றுவலி, நெஞ்சுவலி. இது எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். பஸ்ஸிலும் கடையிலும் தினமும் காதில் விழுகிற பேச்சுத்தானே. ஆனால் வகுப்பில் நிற்கும்போது என் சொல்தான் சொல், மற்றதெல்லாம் பிள்ளைகள் திருத்திக்கொள்ள வேண்டிய பேச்சு என்று நினைக்கிற புத்தி எனக்கு. அந்தப் புத்தி ஒரு மனிதரின் சாவில் போய் நின்றது.

அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது, இரண்டு நாள் வேலை செய்யாமல் இருக்கலாம் என்றுதான் பெயர் கொடுத்தேன். சான்றிதழோடு வந்ததும் தலைகால் புரியவில்லை. கொட்டாஞ்சேனையில் டியூஷன் வகுப்பு நடத்தும் ஒருவர், ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். மேல்மாடியில் ஒரு தகர அறை, பதினான்கு பிள்ளைகள், எல்லாரும் பத்து வயதுக்கு அங்கால் இங்கால். ரோட்டைக் கடப்பது, காஸ் மணம் வந்தால் என்ன செய்வது, வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவது என்று ஆரம்பித்தேன்.

நான் அடித்ததில்லை. அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்வேன். எனக்கு வாய் இருந்தது. காயக்கட்டைப் பிழையாகப் போட்டவன் வகுப்பு முடியும்வரை அதோடுதான் இருக்க வேண்டும். நெருப்புச் சுட்டால் பற்பசை பூசுவோம் என்று ஒரு பிள்ளை சொன்னதற்கு, அப்படியென்றால் உங்கள் வீட்டில் பல்லுக்கு எதைப் பூசுகிறீர்கள் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. வெட்கப்பட்டால் மறக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு பிழையாகவில்லை, அதுதான் கொடுமை.

வலிப் பாடத்தன்று பாயில் விழுந்து நானே கைகாலை உதறிக் காட்டுவதாக இருந்தேன். பின்வரிசை வாங்கில் இரண்டு பேர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் கோபத்தில் அதை விட்டுவிட்டேன். வலி என்றால் என்னவென்று தெரியும்தானே என்று மட்டும் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் தெரியும் என்றார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் அதுவரை எதற்கும் பதில் சொன்னதில்லை.

பிறகு சட்டங்களைச் சொன்னேன். வலி வந்தவரைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். பிடித்து அமத்தக் கூடாது. மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும், அநேகமாக ஐந்து நிமிஷத்துக்குள் தானாக நின்றுவிடும், நிற்காவிட்டால் அம்புலன்ஸ். வாயில் எதுவும் வைக்கக் கூடாது, தண்ணீரும் மாத்திரையும்கூட.

முன்வரிசை வாங்கில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். கொச்சிக்கடைப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்த அவளுடைய தகப்பன் சுகமில்லாமல் வீட்டோடு இருக்கிறார், தாய் வீட்டு வேலைக்குப் போகிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"எங்க அப்பாவுக்கு வலி வந்தா நாக்குக்குக் கீழ மாத்திரை வைக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க, டீச்சர்."

நாக்குக்குக் கீழ் வைக்கிற மாத்திரை நெஞ்சு நோவுக்கு என்று அந்த இரண்டு நாள் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். எனக்குத் தோன்றியதோ, இழுத்துக்கொண்டு கிடக்கிற மனிதனின் வாய்க்குள் மாத்திரை திணிக்கிற ஒரு குடும்பம். படிப்பறிவில்லாத சனங்கள் என்றுகூட மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அப்ப அம்மாவே வந்து படிப்பிக்கட்டும், நான் வீட்டை போறன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளை எழுப்பி, வலி வந்தால் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று இருபது தரம் சொல்ல வைத்தேன். மற்றவர்கள் எண்ணினார்கள். பன்னிரண்டாவது தரம் குரல் உடைந்தது. இன்னும் எட்டு இருக்கு என்றேன்.

நாலைந்து கிழமை கழித்து ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. அவளுடைய அப்பா வெள்ளிக்கிழமை செத்துப்போனார், நேற்று எடுத்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளை சொன்னாள். வகுப்பு முடிந்ததும் இரண்டு பிஸ்கட் பக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் சாவுக்குக் கட்டிய வெள்ளைக்கொடிகள் இன்னும் கழற்றப்படவில்லை. அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியாது. டீச்சர் வந்திருக்கிறார் என்று கதிரை போடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். போட்டார்கள்.

தாய் பாயில் இருந்தாள். ஊரிலிருந்து வந்த ஏழெட்டுச் சொந்தக்காரர்கள் சுவரோரமாக இருந்தார்கள். அந்தப் பெண்பிள்ளை தனியாக அடுப்படிப் பக்கம், குசினி வாசலில் நின்றாள். தலை வாரியிருக்கவில்லை. அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைக் கதிரையில் இருந்த பிறகுதான் கவனித்தேன்.

நடந்ததைத் தாய்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் வேலையில் இருந்தாள். அவருக்கு நெஞ்சு பிடித்தது. வலிக்குது, மாத்திரையை எடு என்று மகளிடம் கேட்டிருக்கிறார். இவள் எடுத்தாளாம். கையில் வைத்துக்கொண்டே கொடுக்கவில்லையாம். அவரைத் தரையில் சரித்துப் படுக்க வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எழும்பப் பார்த்தவரை, அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஐந்து நிமிஷம் முடிந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அவர்கள் வந்து பார்க்கும்போது மூச்சு இல்லை.

"மூணு நாளா கேக்குறேன், எதுக்கு வைக்கலன்னு. டீச்சர் சொன்னாங்கன்னே சொல்லுது" என்றாள் தாய்.

அவள் சொன்ன இருபது தரமும் அந்த நிமிஷத்தில் என் காதுக்குள் கேட்டது. மாத்திரை வைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, எந்த டொக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் அவர் கதை முடிந்துவிட்டது. மிஞ்சியிருந்தது அந்தப் பிள்ளையின் கதை. இனி அந்தத் தாய் அவளை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்பது நான் சொல்லப்போகிற பதிலில் இருந்தது. அவள் குசினி வாசலில் இருந்து என்னைப் பார்த்தாள். நான் வந்துவிட்டேன், இனிச் சரியாகிவிடும் என்று நம்புகிற முகம்.

"சொல்லுங்க டீச்சர். நீங்கதானே சொன்னீங்க" என்றாள் பிள்ளை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. பொலிஸ், கோர்ட், அலுவலகம், அந்த டியூஷன்காரர், எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது.

"நான் சொன்னது வலிப்பு வருத்தத்துக்கு" என்றேன். "நெஞ்சு நோவுக்கு இல்லை. பிள்ளை பிழையா விளங்கிப்போட்டா."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் என்னிடம் கேட்டாள், நான் அவளைக் கேலி பண்ணி எழுப்பி நிற்க வைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. தாய் மகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டியா?"

அவள் தலையை ஆட்டினாள். எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார்கள். குடித்தேன். பாதியில் வைத்தால் மரியாதையில்லை என்று முழுதும் குடித்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அம்மாவுக்கும் நெஞ்சு வலி வந்தா என்னா செய்யணும், டீச்சர்? இந்தத் தடவை சரியா வெளங்கிக்கிறேன்."

சாய்த்து இருத்த வேண்டும், படுக்க வைக்கக் கூடாது, டொக்டர் தந்த மாத்திரை இருந்தால் உடனே கொடுக்க வேண்டும், ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். அவள் விரலை மடக்கி மடக்கித் திருப்பிச் சொன்னாள். ஒரு பிழையும் இல்லை. சரியா டீச்சர் என்று கேட்டாள். சரி என்றேன். பிழை என்னுடையது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம், ரோட்டில் எங்கள் இரண்டு பேரையும் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.